அக்கா மகனும் கடலோரக் காவல் படையும்

சென்ற மாதம் தூத்துக்குடியிலிருந்து வந்த அக்கா மகன், "மாமா, கோஸ்ட் கார்டுக்கு அப்ளை பண்ணப் போறேன், எதுல ஈசியா கெடைக்கும்?" என்று கேட்டான். அக்காவோ, மகன் மெரைன் போலீசில் சேரப் போவதாகத் தெருவெங்கும் சொல்லி வைத்திருந்தார். இந்தக் குழப்பம் நம் கடற்கரை ஊர்களில் புதிதன்று. மெரைன் போலீஸ் என்று நாம் அழைப்பது மாநிலக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை. கோஸ்ட் கார்டு எனப்படும் இந்தியக் கடலோரக் காவல் படையோ 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆயுதப் படை.

அவன் 12ஆம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவன். ஆயினும் பத்தாம் வகுப்புத் தகுதியே போதும் என்பதால், நாவிக் எனப்படும் மாலுமிப் பணியில் 'டொமஸ்டிக் பிராஞ்ச்' என்ற பிரிவைக் குறித்து வைத்திருந்தான். அது கப்பலில் சமைப்பதும் உணவு பரிமாறுவதுமான வேலை என்று நான் சொன்னபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. நடுக்கடலில் அலைக்கு ஆடும் அடுப்படியில் ஒரு கப்பலுக்கே சோறு ஆக்குவதை நான் குறைவாக நினைக்கவில்லை. கப்பலின் பொதுப் பணிகளைப் பார்க்கும் ஜெனரல் டியூட்டி நாவிக்குக்கும் டொமஸ்டிக் பிராஞ்ச் நாவிக்குக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், 21,700 ரூபாய். ஆனால் என்ன வேலை என்றே அறியாமல் கையெழுத்திடுவது தவறு. டிப்ளமோ படித்தவர்களுக்கு 29,200 ரூபாயில் தொடங்கும் யாந்திரிக் எனப்படும் தொழில்நுட்பப் பணி உண்டு. பட்டதாரிகள் உதவி கமாண்டன்ட் என்ற அதிகாரி பதவிக்கு முயலலாம்.

2022இல், வீரர்களை நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தபின் இப்படையின் மீது இளைஞர்களின் கண் கூடுதலாக விழுந்திருப்பதில் வியப்பில்லை. தரைப்படை, கடற்படை, விமானப் படை ஆகிய மூன்றுக்குமே அத்திட்டம் உரியது. கடலோரக் காவல் படை அதற்குள் வரவில்லை, ஆகவே நான்கு ஆண்டில் வீடு திரும்ப வேண்டுமே என்ற கவலை இங்கில்லை. வேலையைப் பெற்றுத் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்கள் பெருகியதற்கும் இந்த ஈர்ப்பே காரணம் என்று நினைக்கிறேன்; எங்கள் தெருவுக்கும் ஒருவர் வந்து போனார்.

அவன் மனத்தில் இருந்ததெல்லாம் துப்பாக்கியும் விரைவுப் படகும்தான். அதனால் 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்ததை நினைவூட்டினேன். அன்று தன்னார்வலர்களோடு சேர்ந்து கருங்குழம்பை வாளியில் அள்ளியவர்கள் இந்தப் படையினர். புயலுக்கு முன் ஆழ்கடல் படகுகளைக் கரை திரும்பச் சொல்வதும், 1554 என்ற எண்ணுக்கு அழைப்பு வந்தால் காணாமற்போன மீனவரைத் தேடிப் புறப்படுவதும் இவர்கள்தாம். பயிற்சி ஒடிசாவின் சில்காவில். அதன்பின் பணியிடமாகப் பக்கத்து மண்டபமும் கிடைக்கலாம், குஜராத்தின் போர்பந்தரும் கிடைக்கலாம். அக்காவுக்கு இதுதான் கசந்தது.

இப்போது ஜெனரல் டியூட்டிக்கே விண்ணப்பிப்பது என்று முடிவாகியிருக்கிறது. உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அவன் 20 வினாடி பின்தங்கியிருக்கிறான். கடலோரத்தில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் நேற்றுத்தான் ஒப்புக்கொண்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை குளத்துக்கு அழைத்துப் போகிறேன்.