ஐடிலில் சூடேறும் பழைய கார்: கூலன்ட் ஏன் பொங்கி வழிகிறது?

ஓடும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டாது. நிறுத்தி, எஞ்சின் மட்டும் ஓட ஐடிலில் விட்டால் மெல்ல ஏறும். சற்று நேரத்தில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சேரும் ரிசர்வ் பாட்டில் பொங்கி வழியும். பழைய பெட்ரோல் கார். இந்த அறிகுறியே பாதி வேலையை முடித்துவிடும். ஓட்டத்தில் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது; நிற்கும்போது ஃபேனை விட்டால் வேறு வழியில்லை. வேகத்தில் சூடேறி ஐடிலில் அடங்கினால் ரேடியேட்டர் உள்ளடைப்பைப் பார்க்க வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ்.

இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் தலைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது. நன்றாக ஆறிய எஞ்சினில் ஐந்து நிமிட வேலைதான். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கழுத்துவரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து கவனிக்க வேண்டும். முதலில் ஓரிரு குமிழி வருவது சிக்கியிருந்த காற்று. விடாமல் கொப்பளித்தாலோ, மூடி போட்டிருக்கும்போது ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, சிலிண்டர் வாயு உள்ளே வருகிறது என்று பொருள். அதற்குள் கூலன்ட் சூடாகி விரிய நேரமே இல்லை. இந்த வண்டியில் குமிழி நின்றுவிட்டது.

அடுத்து மூடி. எஞ்சின் ஆறிய பிறகும் பாட்டில் நிரம்பியிருந்தது. ரேடியேட்டரிலோ இரண்டு விரற்கடை குறைவு. வெளியே போன கூலன்ட் திரும்பி வரவில்லை. மூடியில் இரண்டு வால்வுகள்: ஸ்பிரிங் போட்ட பெரியது அழுத்தத்தைத் தாங்கும், நடுவிலுள்ள சின்னது ஆறும்போது கூலன்டைத் திரும்ப இழுக்கும். சின்னதை நகத்தால் இழுத்துவிட்டால் டக்கென்று மூட வேண்டும். இதில் துருப்பொடி ஒட்டி அசையவே இல்லை. ரப்பர் வளையத்திலும் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், 0.9 பார் அழுத்தம் நின்றால் 120-ஐத் தாண்டும். மூடி தளர்ந்தால் அந்த இடைவெளி முழுக்கப் போய்விடும். மாற்றும்போது அதே பார் அளவுதான். கூடுதலாகப் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரும் தாங்காது. பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருக்கிறதா, முனை கூலன்டுக்குள் மூழ்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புது மூடி வழிவதை நிறுத்தியது, சூட்டை நிறுத்தவில்லை. ஏசி போட்டால் அதே ஃபேன் ஓடியது. ஆகவே மோட்டார் சரி. ரேடியேட்டரின் கீழ்ப்பகுதியிலிருந்த தெர்மோ சுவிட்சில் (சூட்டைப் பொறுத்து ஃபேனை இயக்குவது) 95-90 என்று பொறித்திருந்தது: 95-இல் ஓட வேண்டும், 90-இல் நிற்க வேண்டும். இன்ஃப்ராரெட் கன்னில் அந்த இடம் 100 காட்டியும் ஃபேன் அசையவில்லை. இரண்டு ஒயர் கனெக்டரைக் கழற்றி ஒரு துண்டு ஒயரால் இணைத்ததும் ஓடியது. சுவிட்ச்தான் போயிருந்தது. (கணினி ஃபேனை இயக்கும் வண்டிகளில் இப்படி இணைக்கக் கூடாது.) மேலே கொதித்து, கீழே குளிர்ந்தே இருந்தால் சுவிட்சைக் குறை சொல்லிப் பயனில்லை: தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) பக்கம் போக வேண்டும்.

ஃபேன் ஓடியும் சூடு குறையாவிட்டால், ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். உள்ளிழுக்கப்பட்டு ஒட்ட வேண்டும். தள்ளினால் மோட்டாருக்கு ஒயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

சுவிட்ச் மாற்றக் கூலன்டை இறக்கியாக வேண்டும். திரும்ப நிரப்பும்போதுதான் ஏர் லாக் சிக்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். காற்றை வெளியேற்றும் பிளீடர் ஸ்க்ரூ இருந்தால் குமிழியின்றி வரும்வரை திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி மூட வேண்டும். பாட்டிலில் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் பழுதே இல்லாமலும் வழியும். பிறகு ஐடிலில் விட்டு ஃபேன் இரண்டு முறையாவது தானாக ஓடி நிற்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை பாட்டில் மட்டம் பழைய கோட்டுக்கே திரும்பியிருக்க வேண்டும்.