‘என்ன தேடுறீங்க?’: ஜியோகேச்சிங்கில் வேடிக்கை பார்ப்பவர்களைச் சமாளிக்கும் அனுபவம்

சிங்கப்பூரில் ஜியோகேச்சிங் விளையாடுகிறவர்களுக்கு மழையும் கொசுவும் பழகிவிடும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே தடுமாறும் ஜிபிஎஸ்கூடப் பழகிவிடும். நாம் குனிந்து தேடுகிற நேரம் பார்த்துப் பின்னால் வந்து நிற்கும் ஆள் மட்டும் சுலபத்தில் பழகுவதில்லை. தீவு சிறியது, ஆள்நடமாட்டமே இல்லாத மூலை கிடைப்பது அபூர்வம். அதனால் கொஞ்ச காலமாக, தேடும்போது சுற்றியிருக்கும் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதில்தான் என் கவனம் போகிறது. செய்து பார்த்ததில் எது சரிப்பட்டது என்று இங்கே எழுதுகிறேன். இடங்களைத் துல்லியமாகச் சொல்லமாட்டேன். அடுத்து தேடப் போகிறவருக்கு அந்த மகிழ்ச்சி முழுசாகக் கிடைக்க வேண்டும்.

இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிடுவார். நாம் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே சேர்த்து வைத்திருந்த பிழையை நீக்கியது. அதைச் சோதித்துப் பார்க்க, மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டுக்குள் வைத்து, இருப்பிடத்தை இணையத்தில் அறிவித்தார். அப்படி ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களை நாங்கள் ‘மகிள்’ என்போம். அவர்கள் கையில் சிக்கி ஒரு டப்பா காணாமல் போனால், ‘மகிள் ஆகிவிட்டது’.

நான் முதலில் கற்றுக்கொண்டது உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பதை. இந்த ஊரில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. குனிந்தவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பவரை இன்னும் அதிகமாகக் கவனிக்கிறார்கள். ஆகவே குனிவதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். செல்பேசியின் ஜிபிஎஸ் எப்படியும் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். எண்களைத் துரத்திக்கொண்டு புதரைச் சுற்றி வருவதைவிட, இருப்பிடத்துக்குப் பத்தடி முன்னாலேயே நின்று கண்ணால் தேடுவது நல்லது. எந்தக் கல் மற்றக் கற்களோடு சேராமல் கிடக்கிறது? கைப்பிடிக் கம்பியில் எந்த இணைப்புக்கு மட்டும் தேவையில்லாத ஒரு திருகாணி இருக்கிறது? இதையெல்லாம் நின்றபடியே முடிவு செய்துவிட்டால் ஒரே ஒரு முறை குனிந்தால் போதும்.

சதர்ன் ரிட்ஜஸ் மலைப்பாதையில் இதை நிறையப் பழகினேன். மவுண்ட் ஃபேபரிலிருந்து ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வழியாகக் கென்ட் ரிட்ஜ் பக்கம் வரை போகும் பாதை அது. 36 மீட்டர் உயரத்தில், 274 மீட்டர் நீளத்துக்கு அலைபோல் வளைந்து போகும் அந்தப் பாலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால், படம் எடுப்பவர்களும் ஓடுபவர்களும் நாயோடு நடப்பவர்களுமாக ஒரு நிமிடம்கூட ஓயாது. அந்தப் பாதையில் ஓரிடத்தில் விரல் நுனி அளவுள்ள காந்த டப்பா ஒன்று பெஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கிறது. நான் உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், ஷூ லேஸைக் கட்டினேன், கை தானாக அடியில் போயிற்று. இரும்பின் குளிர்ச்சிக்கு நடுவே ஒரு சின்ன மேடு விரலில் தட்டுப்பட்டது. இழுத்ததும் ‘டிக்’ என்று கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த தாள் பட்டையாக, ஈரத்தில் சுருண்டு இறுகிப் போயிருந்தது. விரலால் எடுக்க வராது. முடி பிடுங்கும் சின்ன இடுக்கி ஒன்றை எப்போதும் பையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஓட்டப்பாதையில் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும்: கடந்து போனவர் திரும்பி வருவார். நாயோடு போனவரும் வருவார். ‘போய்விட்டார்’ என்று நினைத்து எடுத்தால், நாம் வைக்கப் போகும் நேரத்தில் எதிரே நிற்பார்.

உண்மையில் கஷ்டமான கட்டம் அந்தத் திருப்பி வைப்பதுதான். எல்லோரும் எடுப்பதில்தான் கவனமாக இருக்கிறார்கள். எடுத்துவிட்ட சந்தோஷத்தில், பார்வையாளர் இருக்கும்போதே அவசரமாகச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் போன பிறகு அந்த ஆள் எழுந்து வந்து கையை விட்டுப் பார்ப்பார். ஆர்வம் அவருடைய குற்றமில்லை. ஆனால் டப்பா போய்விடும். எனவே நான் டப்பாவை எடுத்ததும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, வேறொரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வழி வெறிச்சென்று ஆகும்வரை காத்திருக்கிறேன். மழை வருகிற மாதிரி இருந்தால் அது நல்ல நேரம், எல்லோரும் கலைந்துவிடுவார்கள். டப்பாவை எடுப்பதற்கு முன்பே ஆள் நகரவில்லை, எனக்கோ நேரமாகிறது என்றால் தேடாமலேயே திரும்புவேன், ‘கிடைக்கவில்லை’ என்று பதிவும் போட்டுவிடுவேன். என் கணக்கில் ஒன்று கூடுவதைவிட அந்த டப்பா அடுத்தவருக்கும் இருப்பது முக்கியம்.

இதுவரை சொன்னதெல்லாம் பார்ப்பவர்களுக்கு. கேட்பவர்கள் விஷயம் வேறு.

கேட்பவரிடம் பொய் சொல்லலாமா? விளையாடுகிறவர்கள் பலரிடம் இதற்கென்றே பொய்கள் தயாராக இருக்கும். சாவி விழுந்துவிட்டது, பறவை பார்க்கிறேன், பூச்சி ஆராய்ச்சி. நண்பர் ஒருவர் ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு, கையில் அட்டையும் பேனாவுமாகப் போவார். யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியவர் ஒருவர் அவரைத் தேடி வந்து, படிக்கட்டு விளக்கு பல நாளாக எரியவில்லை என்று முறையிட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் தன் புகார் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிப் போயிருப்பார் இல்லையா? நண்பரே பிறகு நகர மன்றத்துக்கு எழுதிச் சொல்லிவிட்டார் என்றாலும், எனக்கு அந்த மேலங்கி வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

சாவிப் பொய் இன்னும் மோசம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் தைச்சி என்ற உடற்பயிற்சியை முடித்துவிட்டு வந்த சீன ஆன்ட்டி ஒருவர், நான் மரத்தடியில் நிற்பதைப் பார்த்து, “என்ன விழுந்தது? மோதிரமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் விசிறியைப் பையில் செருகிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனியவே ஆரம்பித்துவிட்டார். தொலைத்தவர் என்று நினைத்தால் மனிதர்கள் உதவுகிறார்கள், அதுதான் இயல்பு. ‘ஆமாம், சாவி’ என்று சொல்லியிருந்தால் இல்லாத சாவியை அந்த அம்மா அரை மணி நேரம் தேடியிருப்பார். நான் உண்மையைச் சொன்னேன். நிமிர்ந்து நின்று முழுக்கக் கேட்டார். டப்பாவைக் காட்டியதும் மூடியைத் தானே திறந்து, உள்ளே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பின்லாந்திலிருந்து வந்தவர் ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்து, “இவ்வளவு தூரத்திலிருந்து என் மரத்துக்கா வந்தார்?” என்றார். ‘என் மரம்’ என்று அவர் சொன்னதும் எனக்குக் கவலை விட்டுப் போயிற்று. அந்த டப்பாவுக்கு இனி ஒரு காவல் உண்டு.

அதிலிருந்து, கேட்பவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வாக்கியத்துக்குள் சொல்லிப் பழகியிருக்கிறேன். “இது ஒரு புதையல் தேடும் விளையாட்டு. யாரோ ஒரு சின்ன டப்பாவை இங்கே வைத்திருக்கிறார்கள், கண்டுபிடித்துப் பெயர் எழுதிவிட்டு வைத்துவிட வேண்டும். காசு பணம் எதுவும் இல்லை.” கடைசி வரி ரொம்ப அவசியம். அதைச் சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பாதுகாவலரோ போலீஸோ கேட்டால் விளக்கத்துக்கு முன்னால் கையைக் காட்டுவது, செயலியைத் திறந்து அந்த டப்பாவின் பக்கத்தைக் காட்டுவது, எங்கே இருக்கும் என்று நினைக்கிறோமோ அதையும் சொல்லிவிடுவது. ரோந்து வந்த இரண்டு அதிகாரிகள் என்னை ஒரு முறை நிறுத்தினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், பக்கத்தைப் படித்தார்கள், கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், காப்பிக்கடை வாசலில் ஒருவர் செடித்தொட்டியருகே எதையோ ஒளித்து வைப்பதைப் பார்த்தவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். தெருவை அடைத்து, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்க வைத்தார்கள். அது ஒரு ஜியோகேச்சிங் டப்பா. இங்கே சிங்கப்பூரில் 2016-லிருந்து எஸ்ஜி செக்யூர் என்ற அரசு இயக்கம் சந்தேகமான பொருளைக் கண்டால் சொல்லுங்கள் என்று மக்களைப் பழக்கியிருக்கிறது. ஒருவர் என்னிடம் வந்து கேட்கிறார் என்றால், நேரே போலீஸுக்குப் போகாமல் எனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறார் என்றுதான் அர்த்தம்.

விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் இருந்தால் நான் நிற்பதே இல்லை. பெற்றோர்களுக்கு நாம் யார் என்று தெரியாது, அதுவே போதும் திரும்பிப் போக. மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பக்கம் போனால் பார்வையாளர் குரங்குகள். பிளாஸ்டிக் பையின் சரசரப்பைக் கேட்டாலே சாப்பாடு என்று வந்துவிடும். தாள் போட்டு வைத்திருக்கும் ஜிப் பையை அதன் கண்ணெதிரே திறக்கக் கூடாது.

இப்போது நான் சொல்ல ரொம்ப ஆசைப்படுகிற சந்திப்புக்கு வருகிறேன். பழைய மலாயா ரயில் தடம் 2011-ல் மூடப்பட்ட பிறகு, 24 கிலோமீட்டர் நடைபாதையாக மாறியிருக்கிறது, ரயில் காரிடர் என்பார்கள். அங்கே ஒரு கான்கிரீட் மதகருகே நான் நின்றபோது, தோளில் புல் வெட்டும் மெஷினோடு ஒருவர் வந்தார். மெஷினை அணைத்து, முகத்தை மூடியிருந்த வலையைத் தூக்கினார். வலை முழுக்கப் பச்சைத் துணுக்கு.

“என்ன சார், ஏதும் தொலைஞ்சிருச்சா?”

“தொலைக்கல தம்பி. யாரோ ஒளிச்சு வெச்ச டப்பா ஒண்ணு இங்க இருக்கு, அதைத் தேடுறேன். ஒரு விளையாட்டுதான்.”

“சாம்பல் கலரு, கிளிப் போட்ட மூடி. அதுவா?”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“ரொம்ப நாளா பாக்குறேன் சார். சர்வே ஆளுங்க வெச்சதுன்னு நெனச்சேன். மெஷின்ல கல்லு தெறிச்சு ஒடைஞ்சிரக் கூடாதுல்ல, இங்க வெட்ட வரும்போதெல்லாம் நான்தான் உள்ள தள்ளி வெப்பேன்.”

இத்தனை பேர் அந்த நோட்டில் பெயர் எழுதிப் போயிருக்கிறார்கள். அந்த டப்பா இன்னும் அங்கே இருப்பதற்குக் காரணமானவர் பெயர் அதில் இல்லை. எழுதச் சொன்னேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தமிழில் பெயரும் கீழே ‘புதுக்கோட்டை’ என்றும் எழுதினார். ஊர்ப்பக்கம் இந்த மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். வரைபடத்தை நகர்த்திக் காட்டினேன், அவர் ஊரைச் சுற்றிக் காலியாக இருந்தது. தானே ஒன்று வைக்கலாமா என்றார். இட உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும், நனைந்தாலோ உடைந்தாலோ போய்ச் சரிசெய்ய அங்கேயே ஆள் வேண்டும், லீவுக்குப் போய் வைத்துவிட்டு வந்தால் ஏற்கமாட்டார்கள் என்று சொன்னேன். “அண்ணன் பையன் இருக்கான், அவன் பாத்துக்குவான்” என்றார்.

நானும் சொந்தமாக ஒரு டப்பா வைக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, வரைந்து வைத்திருந்த லேபிளைச் செல்பேசியில் காட்டினேன். ‘இது ஒரு விளையாட்டுப் பொருள், ஆபத்தில்லாதது, தயவுசெய்து இங்கேயே விட்டுவிடுங்கள்’ என்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நாலிலும் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பங்களா மொழியிலயும் போடுங்க சார். இங்க புல்லு வெட்டுறது நாங்களும் பங்களாதேஷ்காரங்களும்தான். மொதல்ல பாக்குறது நாங்கதானே?”

எனக்கு இது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் லேபிளை மாற்றிவிட்டேன். வங்காள வரியை டாக்காவிலிருந்து வந்து எங்கள் அலுவலகத்தில் வேலை செய்பவர் எழுதிக் கொடுத்தார். டப்பாவையும் உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கில் வாங்கியிருக்கிறேன், கறுப்பு டேப் எதுவும் சுற்றப் போவதில்லை. இடத்துக்கு அனுமதி கேட்டு எழுதியாயிற்று. பதில் வந்ததும், வைப்பதற்கு முன்னால் அந்தப் பகுதியில் புல் வெட்டுகிறவர்களையும் துப்புரவு செய்கிறவர்களையும் பார்த்து, டப்பாவைக் கையில் கொடுத்துக் காட்டிவிடப் போகிறேன்.