இரவு பத்து மணி மிக்சர்

உயரத்தோடு எடையை ஒப்பிட்டுக் கணக்கிடும் என் உடல் நிறை குறியெண் (பி.எம்.ஐ.) 34 என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. இந்தியர்களுக்கு 25-ஐத் தொட்டாலே உடற்பருமன் என்பது முன்பே தெரியும். ஆனால், எந்த மனநிலையில் அதிகம் சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதுவரை உணவுப் பட்டியல் எழுதித் தந்த மூவரில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

அவர் பரிந்துரைத்தபடி, குரோம்பேட்டையிலிருந்து மின்ரயிலேறி நுங்கம்பாக்கத்தில் நடந்த ஒரு குழுப் பயிற்சிக்கு வாரம் ஒரு மாலை வீதம் 20 வாரங்கள் சென்றேன். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினகன் கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ளவர்களுக்காக உருவாக்கிய டி.பி.டி. (Dialectical Behavior Therapy) என்ற உளவியல் சிகிச்சையை, கட்டுக்கடங்காமல் உண்பவர்களுக்கேற்ப மாற்றியமைத்த பயிற்சி அது. “குண்டா இருக்கிறவங்க எட்டுப் பேர் கூடிப் பேசினா இளைச்சுடுமா?” என்று கேட்ட மாமியாருக்கு அப்போது என்னால் விடை சொல்ல முடியவில்லை.

தினமும் ஓர் அட்டையில் அன்றைய உணர்ச்சிகளையும், உண்ணத் தூண்டும் உந்துதலின் அளவை 0 முதல் 5 வரையிலும் குறிக்க வேண்டும். ஒரு வியாழன் இரவு பத்து மணிக்குக் கால் கிலோ மிக்சரை நின்றபடியே தின்று தீர்த்ததை நான் எழுதியிருந்தேன். உளவியலாளர் அதைக் கண்டிக்காமல், அந்தக் கணத்துக்கு இட்டுவந்த நிகழ்வுகளை ஒரு சங்கிலியைப்போல ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் பார்க்கச் சொன்னார். மிக்சரை வாங்கியது ஏழு மணிக்கு, ரயிலடிக் கடையில். அதற்கும் முன்னால், நாலரை மணிக்கு, அப்பாவின் வீட்டை விற்பது பற்றி அண்ணன் தொலைபேசியில் பேசியபோது “சரி, பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டேன். அதற்கும் முன்னால், கணக்கு முடிக்கும் அவசரத்தில் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்திருந்தேன். பத்து மணிக்கு மன உறுதி இல்லாமல் போனது என்று பல ஆண்டுகளாக என்னையே திட்டிவந்த எனக்கு, அந்த வரிசையைத் தாளில் பார்த்தது பெரிய ஆறுதலாக இருந்தது.

எல்லாப் பயிற்சியும் எனக்குப் பயன்பட்டதாகச் சொல்ல மாட்டேன். ஓர் உலர்திராட்சையை ஐந்து நிமிடம் சுவைக்கச் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. உந்துதலைத் தணிக்க முகத்தில் குளிர்ந்த நீர் படச் செய்யும் உத்தி நல்லது, இதய நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆனால் சித்திரையில் சென்னைக் குழாயில் வருவது வெந்நீர் என்பதால் ஐஸ் கட்டி தேவைப்பட்டது. உந்துதல் எழுந்து, உச்சத்தைத் தொட்டு, தானே தணிவதை எதுவும் செய்யாமல் கவனிப்பதுதான் எனக்குக் கைகொடுத்தது.

இருபது வாரங்களில் எடை இரண்டு கிலோதான் குறைந்தது. ஆனால் வாரம் நான்கு இரவுகள் கட்டுக்கடங்காமல் உண்டது ஓர் இரவாகக் குறைந்தது. கடைசி வாரம் நானே அண்ணனை அழைத்து, “அண்ணா, அந்த வீட்டை விற்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது” என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறினார். அன்றிரவு அட்டையில் உந்துதல் 4 என்றும், மிக்சர் இல்லை என்றும் எழுதினேன்.