சங்கேதக் குறுக்கெழுத்து: அவிழ்த்த கையோடு விளக்கியும் எழுதுங்கள்

தினமும் ஒரு சங்கேதக் குறுக்கெழுத்துப் புதிரை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் கட்டங்கள் நிரம்பியதும் எழுந்துவிடுகிறார்கள். பாதி வேலையைத்தான் அவர்கள் முடித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதிப் பழகிய பிறகுதான் எனக்குப் புதிர் பிடிபடத் தொடங்கியது. இதில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் பழகிய வழியைச் சொல்கிறேன். உதாரணக் குறிப்புகள் எல்லாம் நான் அமைத்தவை.

முதலில் அடிப்படை. சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்பு விடையின் பொருளை மட்டும் சொல்லும். சங்கேதக் குறிப்பில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று நேர்ப்பொருள். மற்றொன்று அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. இரண்டையும் ஒட்டி, வேறெதையோ பேசுவது போன்ற ஒரு வாக்கியமாக ஆக்கியிருப்பார்கள். அந்த வாக்கியம் காட்டும் காட்சியை நம்பாமல், ஒட்டு எங்கே என்று பார்க்க வேண்டும்.

சீர்குலைந்த நகரம் பாவிகள் போய்ச் சேரும் இடம் (4)

படித்ததும் நெரிசலும் குப்பையும் நிறைந்த ஊர் ஒன்று மனதில் வருகிறதல்லவா? அதை விடுங்கள். 'பாவிகள் போய்ச் சேரும் இடம்' நேர்ப்பொருள். 'நகரம்' என்ற நான்கு எழுத்து சீர்குலைந்தால், அதாவது இடம் மாறினால், நரகம். அடைப்பில் உள்ள எண் விடையின் எழுத்துகளைக் குறிக்கிறது. உயிர்மெய் ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டம்.

இதற்கு விளக்கம் எழுதும்போது நேர்ப்பொருளுக்கு அடிக்கோடு இடுவேன். எழுத்துகளைத் தரும் சொல்லை வட்டமிட்டு, அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் சொல்லை (இங்கே 'சீர்குலைந்த') தனியாகக் குறிப்பேன். பிறகு ஏதாவது சொல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மிச்சம் இருந்தால் விளக்கம் தவறு, அல்லது விடையே தவறு. 'ஸிமினீஸ்' என்ற புனைபெயரில் ஆங்கிலப் புதிர்கள் அமைத்த டி. எஸ். மக்நட் 1966இல் வகுத்த இலக்கணமும் இதுதான்: துல்லியமான நேர்ப்பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, இவற்றுக்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. புதிர் அமைப்பவருக்காகச் சொன்னது என்றாலும் அவிழ்ப்பவருக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் வராது. தமிழில் முடிவில் வருவதே அதிகம். காரணம் நம் வாக்கிய அமைப்பு. 'கதவில் ஒளிந்திருக்கும் இசைக்கருவி (3)' என்ற குறிப்பைப் பாருங்கள். 'ஒளிந்திருக்கும்' என்ற பெயரெச்சம் ஒரு பெயரைக் கேட்டு நிற்கிறது; அந்தப் பெயராக நேர்ப்பொருள் தானாகவே கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. விடை தவில்: 'கதவில்' என்ற சொல்லில் முதல் எழுத்தை விட்டுப் படியுங்கள். அதனால் குறிப்பின் கடைசிச் சொல்லையோ, கடைசி இரண்டு மூன்று சொற்களையோ முதலில் கழற்றிப் பாருங்கள். அது பலிக்கவில்லை என்றால் முன்பக்கம் போங்கள்.

ஒளிந்திருக்கும் சொற்கள்தான் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம், ஏனென்றால் விடை கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு சொற்களின் எல்லையைத் தாண்டி ஒளித்தால் இன்னும் அழகு. 'அங்கு திரையில் கொஞ்சம் தெரியும் விலங்கு (3)'. 'அங்கு திரையில்' என்பதன் நடுவே குதிரை நிற்கிறது. 'கொஞ்சம் தெரியும்' என்பது அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள் என்ற கட்டளை. இடைவெளியை அழித்துவிட்டு 'அங்குதிரையில்' என்று சேர்த்து எழுதிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். சந்தேகமான குறிப்பை எல்லாம் இப்படி இடைவெளி இல்லாமல் எழுதிப் பார்ப்பது என் வழக்கம்.

அடுத்தது சொல்லை வெட்டும் இடம். தமிழ்ப் புதிரில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், ஆங்கிலப் புதிர் பழகியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். நம் மொழியில் வேற்றுமை உருபும் 'உம்'மும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். புதிர் அமைப்பவர் அந்த ஒட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்.

கழனியின் இசைக்கருவி (4)

நாற்று நடும்போது பாடும் பாட்டு, உழவர் வாசிக்கும் பறை என்றெல்லாம் எண்ணம் ஓடும். கழனி என்றால் வயல். கழனியின் என்றால் வயலின். இசைக்கருவியும் வயலின். உருபை விட்டுவிட்டு 'கழனி' என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தால் இந்த விடை வரவே வராது.

செய்யுளும் அலையும் சேர்ந்த மதகுரு (3)

'அலையும்' என்று படித்ததும் கடல் அலை. உம்மை நீக்கினால் 'அலை'. அது பெயராக இருக்கலாம், ஏவலாகவும் இருக்கலாம். இங்கே ஏவல்: அலை என்றால் திரி. செய்யுள் என்றால் பா. பா, திரி இரண்டும் சேர்ந்தால் பாதிரி. ஒரு சொல் பெயரா வினையா என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு, படி, மாலை, திங்கள், ஓடு, கல் போன்ற சொற்களைக் குறிப்பில் கண்டால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். 'திரும்பி வந்த சிவா, படி (2)' என்பதில் படி மாடிப்படியும் இல்லை, அளக்கும் படியும் இல்லை. சிவாவைத் திருப்பி எழுதினால் வாசி.

இதற்கெல்லாம் என்ன படிக்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது ஓரெழுத்து ஒருமொழிகள். நன்னூல் இவை 42 என்கிறது. ஆ என்றால் பசு, கா என்றால் சோலை அல்லது காப்பாற்று, கோ என்றால் அரசன், நா, பா, மா, தை, வை, மை... சொற்களைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் குறிப்புகளில் இவை இல்லாமல் நகரவே முடியாது. ஒருமுறை உட்கார்ந்து மனப்பாடம் செய்துவிடுங்கள். அப்புறம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி. ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களையும் செய்யுளாகத் தொகுத்துத் தரும் பகுதி அது. நம் வேலைக்கென்றே எழுதி வைத்தது போல இருக்கும். சந்தேகம் தீர்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. விடை கண்டுபிடித்த பிறகும் அகராதியைத் திறக்க வேண்டும். 'இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளும் உண்டு போலிருக்கிறது' என்று ஊகத்தோடு விட்டால் அடுத்த முறை அதே சொல் வரும்போதும் ஊகம்தான் கையில் இருக்கும்.

இந்த விளையாட்டு வெளியிலிருந்து வந்ததுதான். முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் ஆர்தர் வின் அமைத்தது. ஆனால் சொல்லைக் கலைத்தும் திருப்பியும் குறைத்தும் ஒளித்தும் ஆடும் ஆட்டம் நமக்குப் பழையது. தண்டியலங்காரம் சித்திரகவிகளை வரிசைப்படுத்தும்போது மாலைமாற்று, எழுத்து வருத்தனம், அக்கரச்சுதகம், கரந்துறைச் செய்யுள் என்று சொல்லிக்கொண்டே போகிறது. திருப்பிப் படித்தாலும் அதுவே வருவது, எழுத்தைக் கூட்டிக்கொண்டே போவது, குறைத்துக்கொண்டே போவது, ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருப்பது. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். ஆகவே தமிழுக்கு இந்தப் புதிர் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொருந்தாதது ஒன்றே ஒன்று: ஒலி ஒற்றுமையை வைத்து அமைக்கும் குறிப்பு. பள்ளி என்று சொல்லிப் பல்லி என்று கேட்டதாக வைப்பது. ளகரத்தையும் லகரத்தையும் பிரித்து உச்சரிப்பவருக்கு அது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை.

கட்டத்திலிருந்து கிடைக்கும் உதவியையும் விடக் கூடாது. தமிழில் 247 எழுத்து. அதனால் குறுக்கே விழும் ஒரே ஒரு எழுத்து, 26 எழுத்து மொழியில் கிடைப்பதைவிட எவ்வளவோ அதிகம் சொல்லிவிடும். அதோடு இலக்கணமும் துணைக்கு வரும். க், ச், த், ப் ஆகிய மெய்களுக்குப் பின் தமிழ்ச் சொல்லில் அதே மெய்யின் வரிசை எழுத்துதான் வரும். கட்டத்தில் 'க்' கிடைத்தால் அடுத்தது ககர வரிசை. 'ங்' வந்தால் அநேகமாக அதுவும் ககரமே. பக்தி, சக்தி போன்ற வடசொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எந்தச் சொல்லும் மெய்யில் தொடங்காது. ஆகவே மேலிருந்து கீழ் போகும் ஒரு விடை தொடங்கும் கட்டத்தில், அதைக் குறுக்கே கடக்கும் விடைக்கும் புள்ளி எழுத்து இருக்க வழியில்லை. பள்ளியில் மெய்ம்மயக்கம் படித்தபோது இது எதற்கு என்று தோன்றியவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

நாள்தோறும் நான் செய்வது இது. முதல் வாசிப்பில் எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படிப்பேன், எதையும் நிரப்ப மாட்டேன். இரண்டாம் சுற்றில், விளக்கம் முழுமையாகத் தெரிந்ததை மட்டும் பேனாவால் எழுதுவேன். எழுத்துகள் பொருந்துகின்றன, பொருளும் சரி, ஆனால் எப்படி வந்தது என்று தெரியவில்லை என்றால் பென்சில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிகள்தான் உண்மையான பாடம். விடை கையில் இருக்கும்போது பின்னோக்கிப் போய் விளக்கத்தைத் தேடுவது, விடை தெரியாமல் தேடுவதைவிட அதிகம் கற்றுத் தரும். புதிர் அமைப்பவரின் பழக்கங்கள் அப்போதுதான் தெரியவரும். எங்கும் நகராமல் நின்றுவிட்டால் புதிரை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது வாக்கியத்தின் காட்சி கலைந்து சொற்கள் மட்டும் தெரியும்.

இன்னொருவருக்கு விளக்கும்போது விடையை முதலில் போட்டு உடைக்காதீர்கள். நேர்ப்பொருள் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். அது போதவில்லை என்றால் எந்த வகை விளையாட்டு என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகே எழுத்துகள். 'இது ரொம்பச் சுலபம்' என்ற சொல்லை மட்டும் எழுதவே வேண்டாம். அதைப் படித்துவிட்டுப் புதிரை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். எழுத்துப் பிரிப்பை அடைப்புக்குறியால் காட்டினால் நீண்ட வாக்கியம் தேவைப்படாது. உதாரணமாக:

தாம் உள்ளே வர வேரூன்றி வாழ்வது (4)

யாரோ ஒருவர் ஓர் இடத்துக்கு வந்து நிலைத்துவிட்டார் போல இருக்கிறது. விளக்கம்: தா(வர)ம். 'தாம்' என்பதன் உள்ளே 'வர' புகுந்தால் தாவரம். வேரூன்றி வாழ்வது நேர்ப்பொருள். ஒரே வரியில் முடிந்தது. இங்கே ஒரு நுட்பத்தையும் சேர்த்து எழுதலாம். நேர்ப்பொருள் 'செடிகொடி' என்று தொடங்கியிருந்தால் முந்தைய சொல் 'வரச்' என்று ஒற்று மிகுந்து எழுத்துக் கணக்கைக் கெடுத்திருக்கும். வகரத்தில் தொடங்கும் சொல் வந்ததால் அந்தத் தொல்லை இல்லை. 'தாமுக்குள்' என்பது போலச் சொல்லை வளைக்காமல் 'தாம்' என்று அப்படியே வைத்திருப்பதும் அதனால்தான். விளக்கம் எழுதும்போதுதான் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

கொஞ்ச நாள் விளக்கம் எழுதியதும் நீங்களே ஒரு குறிப்பு அமைத்துப் பாருங்கள். 'கலம் உள்ளே வர, துறைமுகத்தில் அமளி (5)' என்று ஒன்று எழுதினேன். கல(வர)ம், கலவரம். வாசிக்க நன்றாக இருக்கிறது: கப்பல் வருகிறது, துறைமுகம் அல்லோலகல்லோலப்படுகிறது. ஆனால் துறைமுகத்துக்கும் கலவரத்துக்கும் என்ன தொடர்பு? காட்சிக்காகச் சேர்த்த சொல், விடைக்கு எந்த வேலையும் செய்யவில்லை. ஆகவே 'கலம் உள்ளே வர ஊரில் அமளி' என்று மாற்றினேன். காட்சி சற்று மங்கியது, குறிப்பு நேர்மையானது. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் நேர்மையின் பக்கம்.

'நிலம்' என்ற சொல்லும் உள்ளே 'வர' இடம் கொடுக்கும். வரும் சொல்லுக்கு நேர்ப்பொருள் ஒன்று தேடி, ஒற்று மிகாமல், மிச்சச் சொல் இல்லாமல் ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள். கீழேயே அதன் விளக்கத்தையும் எழுதுங்கள்.