ஷார்ஜா பெட்ஸ்பேஸ்ல இருந்து உஷ்குலி வரைக்கும்: 2,000 திர்ஹாம் கணக்கு எங்க உதைச்சுது

2,000 திர்ஹாமுக்குள்ள முடிச்சுடலாம்னு ஜார்ஜியா நாட்டுக்குப் போய் உஷ்குலிங்கற மலைக் கிராமம் வரைக்கும் நடந்துட்டு வந்த கதை இது. முதல்ல அந்த டாக்ஸிக்காரன திட்டிட்டு ஆரம்பிக்கிறேன், இல்லன்னா பட்ஜெட் பத்தி எழுத கையே வராது. ராத்திரி 9 மணிக்கு தலைநகர் திபிலிசி ஏர்போர்ட்ல எறங்குறேன். ஏர்போர்ட் வைஃபைல போல்ட்ங்கற டாக்ஸி ஆப்பை போட்டு கார்டை சேக்கப் போனா ஓடிபி வரல, ஏன்னா துபாய் சிம்முக்கு ரோமிங் போட மறந்துட்டேன். பேங்க் பாவம் அங்க ஓடிபி அனுப்பிக்கிட்டே இருக்கு, நான் இங்க கதவு பக்கத்துல நின்னு போனை தட்டிக்கிட்டே இருக்கேன். 337ம் நம்பர் பஸ் 1 லாரிக்கு ஊருக்குள்ள போகும்னு தெரியும், ஆனா ஒருத்தன் வந்து "பஸ் ஃபினிஷ், மை ஃப்ரெண்ட்"னு சொல்லி பையை வாங்கிக்கிட்டான். 90 லாரி. வண்டி கேட்டை தாண்டும்போது எதிர்ல உள்ள வருது பாருங்க அதே 337. நான் கைய காமிச்சேன், அவன் பாட்டை சத்தமா வெச்சான்.

இந்த ஊர் காசுக்கு பேரே லாரி. 90 லாரின்னா நமக்கு ஆத்து மணல் கணக்கு மாதிரி கேக்குது, அதனாலயோ என்னவோ முதல் ரெண்டு நாள் செலவு உறைக்கவே இல்ல. 1 லாரி கிட்டத்தட்ட 1.35 திர்ஹாம். அப்ப 90 லாரின்னா 120 திர்ஹாம், எனக்கு ஒரு வாரம் மெஸ் சாப்பாடு. இதை படிச்சுட்டு யாராவது போறதா இருந்தா ஷார்ஜால இருக்கும்போதே ஆப்ல கார்டை சேத்துடுங்க, வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

சரி, பட்ஜெட்டை வரிசையா சொல்றேன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லியிருந்தேன். என் சம்பளம் 4,500. பெட்ஸ்பேஸ் (பல பேர் சேந்து இருக்கற ரூம்ல ஒரு கட்டில் வாடகை), மெஸ், போன், ஊருக்கு அனுப்புறது, சீட்டு எல்லாம் போக மாசம் 400 நின்னா பெரிய விஷயம். அஞ்சு மாசம் அந்த 400ஐ தனியா எடுத்து வெச்சேன், 2,000 ஆச்சு, அதுக்குள்ள முடிக்கணும்னு எக்செல் போட்டேன். யுஏஇ ரெசிடென்ட் விசா இருந்தா ஜார்ஜியாவுக்கு தனியா விசா எடுக்க வேணாம், எங்க பசங்க எல்லாரும் அங்க ஓடுறதுக்கு காரணமே அதான். ஆனா ஈத் லீவுல டிக்கெட் ரேட்ட பாத்தா அந்த காசுக்கு ஊருக்கே போய்டலாம் போல இருந்துது, அதுவும் இல்லாம ஜூன்ல மேல கணவாய்ல பனி கெடக்கும். அதனால செப்டம்பர். ஷார்ஜால இருந்து போக வர 740, செக்-இன் பேக் கிடையாது, கைப்பை மட்டும். இன்சூரன்ஸ் 60. ஷூ 180, அதை இன்னும் மனசு ஏத்துக்கல. ரூம்ல இருக்கற மலையாளி அண்ணன்கிட்ட பேக்பேக்கை கடன் கேட்டா "நினக்கு வட்டாணோ", அதாவது உனக்கு பைத்தியமான்னுட்டுத்தான் எடுத்துக் குடுத்தாரு.

லீவ்தான் கஷ்டம். வருஷத்துக்கு 30 நாள், அதுல 9 நாளை இதுக்கு வெட்டிட்டு மிச்சத்தை பொங்கலுக்கு வெச்சுக்கிட்டேன்னு அம்மாகிட்ட சொன்னப்ப ரெண்டு நிமிஷம் போன்ல சத்தமே இல்ல. அப்புறம், "சதுரகிரிக்கு கூப்ட்டா முட்டி வலிக்குதும்ப, அங்க போயி காசு குடுத்து மலை ஏறப்போறியா"ன்னாங்க. நியாயமான கேள்விதான். எங்க ஊர் வத்திராயிருப்பு, மலை வீட்டு வாசல்ல இருந்து தெரியும், நான் ஏறினது மொத்தமா நாலு தடவை. ஆகஸ்ட் வெயில்ல ஷார்ஜால எங்க போய் பழகுறது, அதனால எங்க பில்டிங் 14 மாடியையும் பையில தண்ணி பாட்டிலை ரொப்பிக்கிட்டு தினமும் மூணு தடவை ஏறி எறங்கினேன், வாட்ச்மேன் ஒரு வாரம் பாத்துட்டு லிஃப்ட் ரிப்பேரான்னு கேட்டாரு.

இமிக்ரேஷன்ல நம்ம பாஸ்போர்ட்டுக்கு கேள்வி கொஞ்சம் ஜாஸ்தி. ரிட்டர்ன் டிக்கெட், தங்குற புக்கிங், இன்சூரன்ஸ், கையில இருக்கற காசு, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல வெச்சிருந்தேன், அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டாங்க.

திபிலிசில இருந்து ஜுக்திதி வரைக்கும் ட்ரெயின், நல்லா இருந்துது, அதை பத்தி எழுத ஒண்ணும் இல்ல. அங்க இருந்து நடை ஆரம்பிக்கிற மெஸ்தியா ஊருக்கு மர்ஷ்ருத்கா, அதாவது நம்ம ஷேர் வேன். ஆள் ரொம்பினாத்தான் எடுப்பான், ஒரு மணி நேரம் வெயில்ல உக்கார வெச்சான், ரொம்பினப்புறம் நடுவுல ஒரு ஸ்டூலை போட்டு இன்னும் ஒருத்தரை ஏத்தினான். 50 லாரி. வழியில எங்குரி அணை, 271 மீட்டர் உயரம், உலகத்துலயே உயரமான வளைவு அணைகள்ல ஒண்ணு, அதை பாக்கணும்னு ஷார்ஜால இருந்தே ஆசையா வந்தேன், மடியில இருந்த பையும் முன்னாடி இருந்தவர் பையும் சேந்து மறைச்சதுல நான் பாத்தது ஒரு துண்டு கான்கிரீட். அப்புறம் டிரைவர் தனக்கு தெரிஞ்ச ஹோட்டல்ல நிறுத்தி முக்கால் மணி நேரம் சாப்ட்டாரு. எங்க போனாலும் இந்த வழக்கம் மட்டும் மாறாது போல.

மெஸ்தியால ஏடிஎம் இருக்கு, அதுக்கப்புறம் கிராமத்துல எங்கயும் கிடையாது, இங்கயே லாரியா எடுத்துக்கணும். மெஸ்தியால இருந்து உஷ்குலி நாலு நாள் நடை, 55 கிலோமீட்டர் சொச்சம், ஜபேஷி, அதிஷி, இப்ராலின்னு ராத்திரிக்கு ஒரு கிராமம், கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி சாப்பாடு காலை சாப்பாடு சேத்து 90 லாரி. டென்ட் தேவையே இல்ல. முதல் நாள் 16 கிலோமீட்டர், கால் வலிச்சுது, அவ்ளோதான்.

ஆனா அன்னைக்கு ராத்திரி ஜபேஷில சாப்ட்டது இருக்கே! குப்தாரின்னு பேரு. அந்த வீட்டு பாட்டி மாவை உருட்டி நடுவுல கறியை வெச்சு மூட்டையா கட்டி உள்ளங்கையாலயே தட்டி தட்டி பரப்புறாங்க, நம்ம ஊர்ல போளி தட்டற அதே கை. கறியை அரைக்கல, கத்தியால பொடிப்பொடியா வெட்டி வெங்காயமும் ஸ்வான் உப்பும் (இந்த மலைப் பக்கத்து மசாலா உப்பு) போட்டு பெசஞ்சது. அந்த உப்புல பூண்டு, கொத்தமல்லி விதை, மிளகா, செண்டுமல்லிப்பூ பொடி, அதோட அவங்க ஊர் வெந்தயம் ஒண்ணு, வாசனை வந்ததும் ஒரு செகண்ட் நம்ம சாம்பார் பொடி டப்பா ஞாபகம் வந்துருச்சு. என்ன கறின்னு கேட்டேன், பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது, தலைக்கு மேல ரெண்டு விரலை வெச்சு "ம்மூ"ன்னு கத்தி காமிச்சாங்க. நாலு துண்டு சாப்ட்டேன். அஞ்சாவதை அவங்களே வெச்சுட்டாங்க.

மூணாவது நாள் காலைலதான் பட்ஜெட் மறுபடி அடி வாங்குச்சு. அதிஷிய தாண்டினதும் பனிப்பாறைல இருந்து நேரா வர்ற ஆறு, பாலம் கிடையாது. காலைல சீக்கிரம் போனா தண்ணி கம்மி, வெயில் ஏற ஏற பனி உருகி தண்ணி ஏறும். அக்கரைக்கு கொண்டு போய் விட குதிரையோட நாலஞ்சு பேர் நிக்கறாங்க, தலைக்கு 30 லாரி. ரெண்டு பேர் ஷூவை கழட்டி கழுத்துல மாட்டிக்கிட்டு அவங்க பாட்டுக்கு எறங்கி போய்ட்டாங்க. அதை பாத்து எனக்கும் ரோஷம், 30ஐ மிச்சம் பண்ணலாம்னு நானும் கழட்டி எறங்கினேன். மூணு அடி. அதுக்கப்புறம் கால் இருக்கா இல்லையான்னே தெரியல, தண்ணிக்கு அடியில கல்லு உருள்ற சத்தம் கடகடன்னு கேக்குது, சிமெண்டு கரைச்ச கலர்ல ஓடறதால ஆழமும் தெரியல. திரும்பிட்டேன். குதிரைக்காரர் சிரிக்கக்கூட இல்ல, "ஃபார்ட்டி"ன்னாரு. பேரம் பேசுற நெலமையிலயா இருக்கேன், முட்டி தந்தி அடிக்குது. அவர் பின்னாடி உக்காந்து பெல்ட்டை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன், நடு ஆத்துல குதிரை ஒரு தடவை வழுக்கி நின்னு, மூக்கால புஸ்ஸுன்னு ஊதிட்டு மறுபடி காலை ஊனுச்சு. மொத்தம் ஒரு நிமிஷம் கூட இருக்காது, 54 திர்ஹாம். எக்செல்ல குதிரைக்குன்னு ஒரு கட்டமே போடல நான்.

அப்புறம் 2,600 மீட்டருக்கு மேல கணவாய் ஏறினப்ப அதிஷி பனிப்பாறை மொத்தமா எதிர்ல தொங்குது, உக்காந்து பிஸ்கட் தின்னேன், காசு ஞாபகம் வரல. உஷ்குலிய பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, கல் கோபுரம், யுனெஸ்கோ, பின்னாடி 5,193 மீட்டர் ஷ்காரா சிகரம். அழகுதான். ஆனா வேன்லயே டூரிஸ்ட் வந்து எறங்குற எடம், நாலு நாள் நடந்து போய் சேந்தா அங்க ஒருத்தர் செருப்போட ஐஸ்கிரீம் சாப்டறாரு, கொஞ்சம் கடுப்பா இருந்துது.

மொத்தம் 2,340 ஆச்சு. அதிகமான 340ல டாக்ஸியும் குதிரையும் மட்டுமே 170க்கு மேல, மிச்சம் திபிலிசில கடைசி நாள் கின்காலி (கறி வெச்ச கொழுக்கட்டை மாதிரி) சாப்ட்டது, அதுக்கு வருத்தமே கிடையாது. இந்த மாசம் சீட்டுக்கு அண்ணன்கிட்டதான் கைமாத்து.

குதிரை மேல இருக்கற போட்டோவ அக்கரைல நின்ன ஒருத்தர் எடுத்து அனுப்பினாரு. அம்மாவுக்கு ஃபார்வேர்ட் பண்ணினேன். பாத்துட்டு முதல் கேள்வி, "குதிரைக்கு எவ்வளவுடா குடுத்த?" 54ஐ ரூபாயா மாத்திப் பாத்தேன், ஆயிரத்து இருநூறை தாண்டுது.

சும்மாதான் ஏத்திவிட்டாருமான்னு சொல்லிட்டேன்.