பழுது பார்த்த பின் கண் திறக்காத மடிக்கணினி

விசிறியை மாற்றி, தெர்மல் பேஸ்டும் (சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பசை) புதிதாகப் பூசி வாங்கி வந்த என் கேமிங் மடிக்கணினி, பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் எரிந்து விசிறிகள் சுழன்றபோதும் திரையில் எதையும் காட்டவில்லை. எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தேன். அதுவும் இருண்டே கிடந்ததால், மடிக்கணினித் திரைக்குச் செல்லும் உள் கேபிளின் மீதிருந்த சந்தேகம் குறைந்தது.

சார்ஜரை நீக்கி, மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிய பிறகு (இதை மறந்து உள்ளே கைவைப்பவர்கள் புதுச் செலவை வரவழைத்துக்கொள்கிறார்கள்), பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றினேன். இரண்டு ரேம்களில் (நினைவகப் பலகைகளில்) ஒன்று அரைகுறையாகச் செருகப்பட்டிருந்தது. அதைச் சாய்வாக நுழைத்து, இருபுறக் கொக்கிகளும் பூட்டிக்கொள்ளும்வரை அழுத்தினேன். பேட்டரியை மீண்டும் இணைத்து இயக்கினேன். இதிலுள்ள டிடிஆர்5 வகை ரேமைக் கழற்றி மாட்டினால் முதல் துவக்கத்திற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம் என்பதால், அணைக்காமல் காத்திருந்தேன். மூன்றாம் நிமிடத்தில் திரை ஒளிர்ந்தது.