ஸ்கிராம் ஆகாமல் பாதி பவருக்கு இறக்கியது

சிறிய அழுத்த நீர் அணு உலை ஒன்றின் கணினி மாதிரி. மின்கட்டமைப்பு திடீரென்று பாதி லோடை இழந்தால், உலை ஸ்கிராம் ஆகி, அதாவது அவசரமாக முழுதும் நின்றுவிடாமல், பவரை 100 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்க வேண்டும். இதுதான் எனக்குத் தரப்பட்ட வேலை. நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுக் கோல்களை வேகமாக உள்ளே இறக்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது.

டர்பைன் வால்வு நொடிகளில் ஒடுங்கிவிடும். உலைக்கு அந்த வேகம் வராது. கோல் இறங்கியதும் நியூட்ரான் அளவு சட்டென ஒரு படி சரியும். மீதியைத் தாமத நியூட்ரான்கள் (அணுப்பிளவு நடந்து சற்றுப் பொறுத்து வெளிவருபவை) மெல்லத்தான் விடும். அவற்றைத் தரும் மூலங்களில் மிக மெதுவானதன் அரை ஆயுள் சுமார் 55 நொடி. அதுவரை மிஞ்சும் நீராவியை டர்பைனைத் தவிர்க்கும் பைபாஸ் வால்வு வழியே, அதை நீராக்கும் கண்டன்சருக்கு அனுப்பியாக வேண்டும்.

என்னை அதிகம் படுத்தியது நீராவி ஜெனரேட்டருக்குள் போகும் தண்ணீர், அதாவது ஃபீட்வாட்டர்தான். சுருள் குழாய் நீராவி ஜெனரேட்டரில் தண்ணீர் இருப்பு மிகக் குறைவு, அதனால் எந்த மாற்றமும் உடனே உலையைத் தொட்டுவிடும். ஃபீட்வாட்டரைக் குறைக்கத் தாமதித்தால் முதன்மைச் சுற்று (உலையின் வெப்பத்தைச் சுமந்து வரும் நீர்) அளவுக்கு மேல் குளிரும்; குளிர்ந்த நீர் ரியாக்டிவிட்டியை (தொடர்வினை வளரும் போக்கை) கூட்டும்; கோல் கீழே இழுக்கிற பவரை அது மேலே தள்ளும். அவசரப்பட்டுக் குறைத்தாலோ வெப்பம் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, உலை டிரிப் ஆகும், அதாவது ஸ்கிராம்தான்.

சராசரி வெப்பநிலையின் பிழையை மட்டும் பார்த்து இயங்கும் பிஐடி கட்டுப்பாடு (பிழையின் அளவு, சேர்க்கை, மாறும் வேகம் மூன்றையும் வைத்துத் திருத்துவது) இதற்குச் சரிவராது. பிழை கண்ணில் படும்போதே காலம் கடந்திருக்கும். அதனால் லோடு சிக்னல் விழுந்த கணமே பைபாஸ், ஃபீட்வாட்டர் இரண்டுக்கும் புதிய இலக்கு போகும்படி வைத்தேன். தேர்ந்தெடுத்த ஒரு கோல் குழு மட்டும் முன்பே கணக்கிட்ட ஆழத்துக்கு வேகமாக இறங்கும். அப்புறம்தான் பிஐடி, அதுவும் நிதானமாக. பவர் இறங்க இறங்க பைபாஸ் தானாக மூடும். திரையில் வெப்பநிலைக் கோடு ஒருமுறை மேடேறி, ஆட்டமில்லாமல் படிந்ததைப் பார்க்க அத்தனை நிறைவு!

ஆனால் மாதிரியின் ஓட்டத்தை அங்கேயே நிறுத்தக்கூடாது. உலையில் தேங்கிய அயோடின்-135 (அரை ஆயுள் 6.6 மணி) நியூட்ரான்களை விழுங்கும் ஸெனானாக மாறிக்கொண்டே இருக்கும், பாதி பவரில் அதை எரிக்க நியூட்ரான் குறைவு. சில மணி நேரத்துக்கு ஸெனான் கூடும். உலை நீரில் போரான் (இதுவும் நியூட்ரான் விழுங்கிதான்) கலக்காத வடிவமைப்பில் அதை ஈடுகட்டக் கோல்களைத்தான் மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கான இடம் மிச்சமிருக்கிறதா என்பதையும் முதல் இறக்கத்தின் ஆழத்தைக் கணக்கிடும்போதே சேர்த்துக்கொண்டேன்.